பரணில் கிடக்கும் தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி?

வீட்டுப் பரணில் ஒரு பழைய தோசைக்கல் கிடக்கிறது, துரு ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது, எடைக்குப் போட்டுவிடலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். விரிசல் இருக்கிறதா? இல்லை என்றால் போடாதீர்கள். துருவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கொஞ்சம் புளி, கொஞ்சம் எண்ணெய், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஆனால் வேலையில் இறங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம் மனதில் தெளிவாகிவிட வேண்டும். "கல் நல்லாப் பழகியிருக்கு", "இது இன்னும் பழகல" என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தப் பழகுவது என்பது என்ன? மாட்டை ஏருக்குப் பழக்குவதுபோல இரும்பையும் பழக்குகிறோம். (இரும்பை எதற்குக் கல் என்கிறோம் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.) இது புரியாமல் கல்லைத் தேய்ப்பவர்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான், நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அதைக் கெடுத்துவிடுவோம்.

அடுப்பு மேடையில் நிற்கும் எண்ணெய்ப் பாட்டிலின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வழிந்த எண்ணெய் மாதக்கணக்கில் அப்படியே இருந்து, மஞ்சளாகி, சிக்குப் பிடித்து, சோப்புப் போட்டாலும் அசையாமல், நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல வரும். அது எண்ணெயாக இருந்த ஒன்று, இப்போது எண்ணெய் இல்லை. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் பட்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கோத்து வலையாகிவிட்டது. வேதியியலில் இதற்குப் பாலிமர் ஆவது என்று பெயர். பாட்டில் கழுத்தில் மாதக்கணக்கில் அரைகுறையாக நடப்பதை, சூடான இரும்பின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை வைத்து ஒரு மணி நேரத்தில் முழுசாக நடத்தி முடிப்பதுதான் கல்லைப் பழக்குவது. அப்படி ஏறும் படலம் ஒவ்வொன்றும் மிகமிக மெல்லியது. அது ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து படிந்துதான் பழைய கல்லுக்கு அந்தக் கன்னங்கரேல் மினுமினுப்பு வருகிறது.

ஆக அந்தக் கறுப்பு அழுக்கும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. இரும்பின் சொரசொரப்பை நிரவி, ஈரம் உள்ளே போகாமல் தடுத்து, மாவு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு பூச்சு. நான்ஸ்டிக் தவாவில் ஆலைக்காரர் பூசிக்கொடுக்கும் பூச்சு கீறிவிட்டால் அதோடு சரி, நம்மால் திரும்பப் பூச முடியாது. இதை மட்டும் எத்தனை முறை உரிந்தாலும் அடுக்களையிலேயே திரும்ப வளர்த்துக்கொள்ளலாம்.

இப்போது இரும்பு பற்றிக் கொஞ்சம். பழைய கல் என்று நம் வீடுகளில் இருப்பது இரண்டு வகை. ஒன்று இரும்புத் தகட்டை வெட்டியோ அடித்தோ செய்தது. மெலிதாக இருக்கும், கைப்பிடியைத் தனியாக ஆணியடித்தோ பற்றவைத்தோ சேர்த்திருப்பார்கள். இன்னொன்று வார்த்தது, அதாவது வார்ப்பிரும்பு. இதில் கரி, அதாவது கார்பன், 2 சதவீதத்துக்கு மேல், 4 சதவீதம் வரைகூட இருக்கும். சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும், கரி சேர்ந்த இது ஏறத்தாழ 1,200 டிகிரியிலேயே தண்ணீராக ஓடும். அதனால் மணலில் அச்சு எடுத்து ஊற்றிவிடலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்புக்கும் மோட்டாருக்கும் உடம்பு வார்க்கிற பவுண்டரிகள் அத்தனையிலும் நடப்பது இதே வேலைதான். வார்த்த கல்லில் கைப்பிடியும் உடம்பும் ஒரே துண்டு, மேற்பரப்பில் மணல் விட்டுப்போன பொடிப்பொடிச் சொரசொரப்பு, அப்புறம் கனம். குறுக்கே 30 செ.மீ., தடிமன் அரை செ.மீ. என்று கணக்குப் போட்டாலே இரண்டரைக் கிலோ வந்துவிடும்.

அதே கரிதான் இதன் பலவீனமும். தகட்டுக் கல்லைக் கீழே போட்டால் நெளியும், வார்ப்புக் கல்லைப் போட்டால் உடையும். சூட்டோடு சூடாக ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாலும் விரிசல் விடலாம். தோசைக்கு முன்னால் கையால் நாலு சொட்டுத் தெளிக்கிறோமே, அதனால் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

பழையது வாங்கப் போகிறவர்கள் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். கைப்பிடியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. மணிபோலக் கணீரென்று கேட்டால் சரி. 'டொக்' என்று செத்த ஓசை வந்தால் எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது, துருவுக்குள் கண்ணுக்குத் தெரியாது. அடுத்தது, துருவை நகத்தால் சுரண்டிப் பார்ப்பது. பொடியாக உதிர்ந்தால் மேலோட்டம். பெயர்ந்து வந்து கீழே பள்ளம் பள்ளமாக இருந்தால் துரு இரும்பைத் தின்றிருக்கிறது, பழக்கலாம்தான், ஆனால் முட்டை ஒருநாளும் வழுக்காது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை: அந்தச் சட்டியில் சமையலைத் தவிர வேறு எதையாவது காய்ச்சியிருக்கிறார்களா? தார் உருக்கியிருக்கலாம், ஈயம் உருக்கியிருக்கலாம். உள்ளே வெள்ளி நிறத்தில் மெதுமெதுவென்று ஏதாவது ஒட்டியிருந்தாலோ, பெயின்ட் இருந்தாலோ விட்டுவிட்டு வந்துவிடுங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அமெரிக்காவில் இது பெரிய சேகரிப்புப் பைத்தியம். பென்சில்வேனியா மாநிலத்தில் ஈரி என்ற ஊரில் 1865 முதல் 1957 வரை இயங்கிய கிரிஸ்வோல்டு என்ற கம்பெனியின் சட்டிகளை, அடியில் இருக்கும் முத்திரையின் வடிவத்தை வைத்தே எந்தக் காலத்துச் சரக்கு என்று பிரித்து விலை பேசுவார்கள். அந்தக் காலத்தில் வார்த்த பிறகு உள்பக்கத்தை வழவழப்பாகக் கடைந்து கொடுத்தார்கள், இப்போது பெரும்பாலான கம்பெனிகள் சொரசொரப்போடு அப்படியே விற்றுவிடுகின்றன, அதுவும் பழசுக்கு இருக்கும் கிராக்கிக்கு ஒரு காரணம். நம் ஊர்ச் சட்டிகளில் பெரும்பாலும் பெயரும் இருக்காது, வருஷமும் இருக்காது. எந்தப் பட்டறையில் எவர் வார்த்தார் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. குழி எத்தனை, காது எப்படி, கனம் எவ்வளவு என்பதை வைத்து ரசிக்க வேண்டியதுதான். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது, போலி முத்திரைத் தொல்லை கிடையாது.

நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியது காரைக்குடியில். முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வெளியே வந்த எனாமல் தூக்கு, மரச்சிற்பம், பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் கிடைக்கும். அங்கே ஒரு கடையில் கதவிடுக்கில் முட்டுக்கொடுக்க ஒரு குழிப்பணியாரச் சட்டியை வைத்திருந்தார்கள். ஏழு குழி, ஒரு பக்கக் காது தேய்ந்து சப்பையாகிவிட்டது. "இத யாரு தம்பி இப்பப் பொழங்குறா" என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்தார். கதவுக்கு வேறு ஒரு செங்கல்லைத் தேடி வைத்துவிட்டு வந்தேன்.

சரி, துரு எடுப்பது. காய்ந்த நிலையிலேயே இரும்பு நார் அல்லது கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள், உதிர்கிறது எல்லாம் உதிரட்டும். பிறகு எலுமிச்சை அளவு புளியைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, கெட்டியாகப் பூசி அரை மணி நேரம் விட்டுத் தேய்க்கலாம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். வினிகர் இருந்தால் சரிபாதி தண்ணீர் கலந்து ஊற வைக்கலாம், அதுவும் அரை மணிக்கு மேல் வேண்டாம். ராத்திரி முழுக்கப் புளிப்பில் ஊற வைத்துவிட்டுத் தூங்கப் போவது பெரிய தப்பு. துரு தீர்ந்ததும் அமிலம் நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

அப்பத்தா காலத்து முறை, கழுநீரிலோ வடித்த கஞ்சியிலோ இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, தினமும் மாற்றி, தேங்காய் நாரால் தேய்ப்பது. இதை வெறும் சடங்கு என்று ஒதுக்க வேண்டாம். கஞ்சி புளிக்கும், அந்த மெல்லிய புளிப்பு துருவை நிதானமாக இளக்கும், நேரம் தவறினாலும் இரும்புக்குப் பெரிய சேதம் வராது. அவசரமில்லாதவர்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி இல்லை.

துருவே இல்லாமல், விளிம்பில் கரி விரல் தடிமனுக்கு அடைந்துபோன சட்டி என்றால் விஷயம் வேறு. அது நான் மேலே சொன்ன நல்ல பூச்சு இல்லை, கருகிய சாப்பாடும் பாதி வெந்த எண்ணெயும் சேர்ந்த கெட்டிக்கரி. அமிலம் இதைத் தொடாது, காரம் வேண்டும். சலவை சோடாவைத் தண்ணீரில் போட்டுச் சட்டியிலேயே கொதிக்கவிட்டுச் சுரண்டினால் ஓரளவு வரும். காஸ்டிக் சோடா முழுசாக எடுத்துவிடும், ஆனால் அது தோலையும் கண்ணையும் சேர்த்து எடுத்துவிடும் சாமான். கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் வாளி வேண்டும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் பக்கத்தில்கூட வரக்கூடாது. புதிதாக இறங்குகிறவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பேட்டரி சார்ஜர் வைத்து மின்சாரத்தால் துரு எடுக்கும் முறையும் உண்டு, அருமையான முறை. செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சட்டியைக் கட்டாத மறுமுனைக்குச் சாதா இரும்புத் துண்டைத்தான் கட்ட வேண்டும். எவர்சில்வர் கட்டினால் அதில் இருக்கும் குரோமியம் தண்ணீரில் விஷமாக இறங்கும்.

கரி போக வேண்டும் என்று விறகடுப்பிலோ குப்பை நெருப்பிலோ தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு பக்கம் செக்கச்செவேலென்று காய்ந்து, ஒரு பக்கம் ஆறிக் கிடந்தால் வார்ப்பிரும்பு கோணும், வெடிக்கும். உப்புத்தாள் மாட்டிய மிஷினில் கொடுத்துக் கண்ணாடியாக்குவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அளவுக்கு மீறி வழவழத்தால் பூச்சுக்குப் பிடிமானம் குறையும்.

தேய்த்து முடித்ததும் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உடனே அடுப்பில் வைத்துக் காய வையுங்கள். உடனே என்றால் உடனே. பூச்சில்லாத இரும்பு அது, காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் செம்மண் தூவியதுபோல மறுபடி பூத்துவிடும்.

இனிமேல்தான் பழக்குவது. கல் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு, முன்புறம், பின்புறம், காது எல்லா இடத்திலும் தடவுங்கள். அப்புறம் ஒரு சுத்தமான பழைய வேட்டித் துணியை எடுத்து, தெரியாத்தனமாக எண்ணெய் பட்டுவிட்டது, இதை முழுக்க எடுத்தாக வேண்டும் என்ற நினைப்பில் துடையுங்கள். துடைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படலம் மிச்சம் இருக்கும், அதுதான் வேண்டியது. வீட்டில் ஓவன் (oven) இருந்தால் கவிழ்த்து வைத்து 220 டிகிரி அளவில் ஒரு மணி நேரம், பிறகு அதற்குள்ளேயே ஆறவிடலாம். கேஸ் அடுப்பு மட்டும்தான் என்றால் ஜன்னலைத் திறந்துவிட்டு, சிறு தீயில் ஆரம்பித்து, மெல்ல ஏற்றி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஓரங்களையும் தீயின் மேல் காட்டி, புகை வந்து அடங்கும் வரை வைத்திருக்க வேண்டும். ஆறவிட்டு மறுபடி. ஐந்தாறு முறை செய்தால் பழுப்பிலிருந்து கறுப்புக்குப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நான் சொதப்பியது இந்த இடத்தில்தான். காரைக்குடிச் சட்டியை ஆசை ஆசையாகத் தேய்த்து எடுத்துவிட்டு, நிறைய எண்ணெய் நிறையப் பூச்சு என்று ஒரு கணக்குப் போட்டு, ஏழு குழியிலும் எண்ணெயைத் தேங்கவிட்டு ஒரு மணி நேரம் காய்ச்சினேன். ஆறியதும் தொட்டால் பலாப்பழம் அறுத்த கத்தி மாதிரி விரல் ஒட்டுகிறது. அடியில் எண்ணெய் வழிந்து கோந்துச் சொட்டாக உறைந்துவிட்டது. தடிமனாக இருந்தால் மேல்பக்கம் மட்டும் இறுகி உள்ளே பிசினாகவே நின்றுவிடும் என்பது அப்போது தெரியாது. முழுக்கச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

எந்த எண்ணெய்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணெயின் மூலக்கூறில் கைகோக்க எத்தனை கை காலியாக இருக்கிறது என்பதைக் காட்டும் ஓர் அளவுக்கு அயோடின் எண் என்று பெயர். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-க்குள்தான், கடலை எண்ணெய்க்கு 90 சுமாருக்கு, நல்லெண்ணெய்க்கு 110 வாக்கில், சூரியகாந்திக்கு 130 சுமார், ஆளி விதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். எண் ஏற ஏறச் சீக்கிரம் இறுகும். அதனால் தேங்காய் எண்ணெயைப் பழக்குவதற்கு விட்டுவிடலாம், தாளிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஆளி விதைதானே சிறந்தது என்று தோன்றும், பலர் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் அந்தப் பூச்சு இறுகலாக இருப்பதாலேயே சில மாதங்களில் செதில் செதிலாகப் பெயரக்கூடும். வீட்டில் தோசைக்கு ஊற்றும் நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும். தனியாக வாங்குவது வீண் செலவு.

பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெய் தொட்டுத் தேய்ப்பது? வெங்காயத்துக்கு மந்திரம் ஒன்றும் கிடையாது. தீயாத, நார் விடாத, எண்ணெயை அளவாக மட்டும் பூசுகிற ஒரு துணி அது. ஈரம் இருப்பதால் அளவுக்கு மீறிக் காய்ந்த கல்லைக் கொஞ்சம் தணிக்கவும் செய்யும்.

"சப்பாத்தி போட்ட கல்லுல தோசை வராது" என்று எங்கள் அப்பத்தா சப்பாத்திக் கல்லைத் தனியாக வைத்திருந்தார். காரணம் கேட்டால் "வராதுன்னா வராது" என்பதோடு சரி. பிற்பாடுதான் புரிந்தது. சப்பாத்திக்குக் கல்லைப் பெரும்பாலும் எண்ணெயே இல்லாமல் நெடுநேரம் காய விடுகிறோம், உதிர்கிற மாவு கருகிக் கரித்தூளாகப் படிகிறது, அந்த வறண்ட சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சும் எரிகிறது. தோசையில் ஒவ்வொரு முறையும் எண்ணெய் விழுவதால் ஒவ்வொரு தோசையும் ஒரு சின்னப் பூச்சு வேலை. ஒன்று ஏற்றுகிறது, இன்னொன்று இறக்குகிறது. கல் ஒன்றுதான் என்றால் சப்பாத்தி போட்ட அன்று துடைத்து, சூடு இருக்கும்போதே ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்துவிடுங்கள், மறுநாள் தோசை வரும்.

முதல் தோசை ஒட்டுவதற்குப் பாதி நேரம் காரணம் பூச்சு இல்லை, சூடுதான். வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்துவதில் மந்தம், அலுமினியத்தில் நான்கில் ஒரு பங்குகூடக் கடத்தாது. நடுவில் தீ எரிகிறது, ஓரம் இன்னும் பச்சைத் தண்ணீர்போலக் கிடக்கும். நடுத்தரத் தீயில் ஐந்து நிமிஷம் பொறுத்து, தண்ணீர் தெளித்தால் 'சொய்' என்று அங்கேயே ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுகிற பதம் வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம் தீயைக் குறைத்து, துடைத்து, மாவை ஊற்றுங்கள். ஒருமுறை காய்ந்துவிட்டால் அந்தச் சூட்டை விடாது, மந்தத்துக்குக் கிடைக்கும் கூலி அது.

கழுவுவது பற்றி ஊரில் இருக்கும் பயம் அனாவசியம். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இறுகிப்போன பூச்சைக் கரைக்காது, இரண்டு சொட்டு விடலாம். கூடாதது ஊற வைப்பதும், ஈரத்தோடு கவிழ்த்து வைப்பதும், வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்லாமல் கம்பி நாரோடு விட்டுவிடுவதும்தான். எங்கள் வீட்டில் ஒரு கல் அப்படி ஒரே காலையில் வெள்ளிபோலப் பளபளவென்று வந்து நின்றது, அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, பளபளவென்று தேய்ப்பதுதானே நாம் எல்லாரும் கேட்பது.

புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு இதில் வேண்டாம். புளிப்பு பூச்சைத் தளர்த்தி, இரும்பு இறங்கிக் குழம்பு கறுத்து, நாக்கில் ஆணியைச் சப்பிய ருசி வரும். வத்தக்குழம்புக்குக் கல்சட்டி என்று தனியாக வைத்திருந்தது சும்மா இல்லை. வாழைக்காய், வாழைப்பூ வதக்கினாலும் கறுக்கும், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே சமாச்சாரம். சாப்பிடலாம், பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

ஊருக்குப் போகும்போது காய வைத்து, எண்ணெயைத் தடவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி வைத்தால் போதும். துடைக்காமல் வைத்தால் திரும்பி வரும்போது சிக்கு வாடை அடிக்கும்.

கதவுக்கு முட்டுக்கொடுத்த அந்தச் சட்டி இப்போது வாரம் ஒருமுறை அடுப்பேறுகிறது. ஆறு குழியிலும் பணியாரம் குச்சி பட்டதும் தானாகச் சுழன்று எழுந்துகொள்ளும். தேய்ந்த காதுப் பக்கத்துக் குழி மட்டும், அடியில் துரு தின்ற பள்ளம் இருப்பதால், மூன்று வருஷமாக ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சுரண்டி எடுக்கும் அந்த ஏழாவது பணியாரம் என் தட்டுக்கு வரும்.